கரிசல் மேடையில் உலகம்

ஒரு நாடு பிற நாடுகளோடு எவ்வளவு நெருங்குவது, எதை வாங்குவது, எதை விற்பது, யாருடைய போரில் யார் பக்கம் நிற்பது அல்லது ஒதுங்கி நிற்பது என்பவை குறித்து எடுக்கும் முடிவுகளின் தொகுப்பையே வெளியுறவுக் கொள்கை என்கிறோம். அம்முடிவுகள் தலைநகரில் எடுக்கப்படுவதால் அவற்றைப் பற்றிய பேச்சும் தலைநகருக்கே உரியது என்ற எண்ணம் வேரூன்றியுள்ளது. 1943இல் தோன்றிய உலக விவகாரங்களுக்கான இந்தியக் கழகம் தில்லியின் சப்ரூ இல்லத்தில் இயங்குகிறது; 2010 முதல் வெளியுறவு அமைச்சகம் ஓய்வு பெற்ற தூதர்களைப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பிச் சிறப்புச் சொற்பொழிவுகள் நடத்திவருகிறது; இவை பயனுள்ளவை என்றாலும் பெரும்பாலும் ஆங்கிலத்தில், படித்த சிறு கூட்டத்துக்காகவே நிகழ்கின்றன. தமிழில், பொது இடத்தில், கூலி வேலை செய்வோரும் கடைக்காரரும் கூடி நிற்க, உலக நடப்பை எடுத்துச் சொல்லும் வழக்கம் இவ்விரண்டுக்கும் முந்தியது. அதன் தொடக்க அத்தியாயம் எட்டயபுரம், ஒட்டப்பிடாரம், கோவில்பட்டி, தூத்துக்குடி என்று நீளும் கரிசல் பூமியிலும் அதன் துறைமுகத்திலும் எழுதப்பட்டது.

மழையை மட்டும் நம்பிய மானாவாரி நிலத்தில் உலகப் பேச்சு முளைத்தது தற்செயல் அன்று. கரிசல் மண் ஈரத்தைப் பிடித்துவைத்துப் பருத்தியை விளைவிக்கும். ஆனால் விளைந்த பருத்தியின் விலையை அம்மண்ணோ அதை உழுதவரோ தீர்மானித்ததில்லை. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென் மாநிலத் துறைமுகங்கள் முற்றுகையிடப்பட்டு, இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளுக்குப் பஞ்சு வராமல் நின்றபோது, இந்தியப் பருத்தியின் விலை ஏறியது; போர் முடிந்து அமெரிக்கப் பஞ்சு மீண்டும் சந்தைக்கு வந்தபோது அது சரிந்தது. 'திருநெல்வேலிப் பருத்தி' என்று வெளிநாட்டுச் சந்தையில் பெயர் பெற்ற சரக்கு மாட்டுவண்டிகளிலும் பின்னர் ரயிலிலும் தூத்துக்குடிக்குப் போய்க் கப்பலேறியது. 1901இல் கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சிப் பண்ணை நிறுவப்பட்டதற்கும், கருங்கண்ணிப் பருத்தி அங்கே செம்மைப்படுத்தப்பட்டதற்கும் இந்த ஏற்றுமதியே பின்னணி. எங்கோ நடக்கும் போரினால் தன் வீட்டு வரவு மாறுவதைக் கரிசல் உழவர் பட்டறிந்திருந்தார். அது ஏன் மாறுகிறது என்பதை விளக்கிச் சொல்ல ஆள்தான் இல்லை.

அந்த விளக்கம் முதலில் அச்சில் வந்தது. எட்டயபுரத்தில் 1882இல் பிறந்த சுப்பிரமணிய பாரதி, 1904இல் சுதேசமித்திரனில் உதவி ஆசிரியராகச் சேர்ந்து அயல்நாட்டுச் செய்திகளைத் தமிழாக்கும் பணியில் பழகியவர். 1906இல் தொடங்கிய 'இந்தியா' வார இதழில் ரஷ்யா, ஜப்பான், சீனம், பாரசீகம், எகிப்து ஆகிய நாடுகளின் நிலவரத்தைத் தமிழ் வாசகர்க்கு இடைவிடாது எடுத்துரைத்தார். இத்தாலியின் மாஜினி, பெல்ஜியம், பிஜித் தீவின் கரும்புத் தோட்டம், ரஷ்யாவில் ஜார் மன்னனின் வீழ்ச்சி ஆகியவை அவருடைய கவிதைக்கும் பொருளாயின. ஒரு கவிஞரின் பரந்த மனம் என்று மட்டும் இதைப் புகழ்ந்துவிட்டு நகர்வது போதாது. 'புரட்சி', 'குடியரசு', 'தொழிலாளர்' என்று உலக அரசியலைப் பேசுவதற்கான சொற்கள் அன்றைய தமிழில் இன்னும் நிலைபெறாதிருந்த காலத்தில், வாரந்தோறும் எழுதி எழுதி அவற்றைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த இதழாளர்களில் அவர் முன்வரிசையில் நின்றார். மேடையேறியவர்கள் அச்சொற்களைக் கையாண்டார்கள்.

மேடை என்பதே அப்போது புதியது. 1907 மே மாதம் வங்காளத் தலைவர் விபின் சந்திர பாலர் சென்னைக் கடற்கரையில் ஆற்றிய புகழ்பெற்ற சொற்பொழிவுகள் ஆங்கிலத்தில் அமைந்தவை. அரசியல் சொற்பொழிவு என்றாலே ஆங்கிலம் கற்ற வழக்கறிஞர்களும் ஆசிரியர்களும் தமக்குள் பேசிக்கொள்வது என்பதே அதுவரை இருந்த நிலை. பொதுமக்களை நோக்கித் தமிழில் அரசியல் பேசும் பழக்கம் சுதேசி இயக்கத்தோடுதான் உண்மையில் தொடங்குகிறது என்று தமிழ் மேடைப் பேச்சின் வரலாற்றை ஆராய்ந்த பெர்னார்ட் பேட் என்னும் மானிடவியலாளர் காட்டியிருக்கிறார். தூத்துக்குடிக் கடற்கரையில் 1908 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நடந்த கூட்டங்கள் அத்தொடக்கத்தின் உச்சம்.

அங்கே பேசப்பட்டவற்றைப் புரிந்துகொள்ள, பேசியவர்களின் கப்பலைப் பற்றி அறிய வேண்டும். ஒட்டப்பிடாரத்தில் 1872இல் பிறந்த வ.உ. சிதம்பரம் பிள்ளை, 1906 அக்டோபரில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். அதன் மூலதனம் 10 லட்சம் ரூபாய்; அது 25 ரூபாய் மதிப்புள்ள 40,000 பங்குகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் அதன் தலைவராயிருந்தார். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையிலான கடல்வழியில் அதுவரை தனியாட்சி செலுத்திய பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியை எதிர்த்து நிற்பதே நோக்கம். சுதேசிக் கம்பெனி முதலில் வாடகைக் கப்பல்களை ஓட்டியது. வாடகைக்குக் கொடுத்தவர்கள் நெருக்குதலுக்கு உள்ளாகிப் பின்வாங்கினர். அதனால் 1907இல் ஐரோப்பாவில் விலைக்கு வாங்கிய காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் வந்து சேர்ந்தன. எதிர்த் தரப்பு பயணக் கட்டணத்தை அடிமட்டத்துக்குக் குறைத்தது; இலவசமாக ஏற்றிச் செல்லவும் முன்வந்தது. நட்டத்தைத் தாங்கும் வலிமை யாருக்கு உண்டோ அவர் போட்டியாளரை ஒழிக்கும்வரை விலையைக் குறைத்து, பிறகு விருப்பம்போல் ஏற்றிக்கொள்ளும் வணிக முறை இது. அந்த வலிமை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், விடை பேரரசின் தபால் ஒப்பந்தங்களிலும், துறைமுக அதிகாரிகளின் ஒத்துழைப்பிலும், கடல் கடந்து பரவியிருந்த வணிக வலையிலும் இருந்தது. கொழும்புக்குப் போகும் ஒருவரின் பயணச் சீட்டு விலையில் ஒரு பேரரசின் அமைப்பு முழுதும் அடங்கியிருந்தது.

சுதேசிக் கூட்டங்களின் தனித்தன்மை இங்கேதான் இருக்கிறது. பயணச் சீட்டும் பஞ்சாலைக் கூலியும் ஆங்கில ஆட்சியும் வெவ்வேறு செய்திகள் அல்ல, ஒரே ஏற்பாட்டின் உறுப்புகள் என்று அங்கே காட்டப்பட்டது. வத்தலக்குண்டில் பிறந்து தூத்துக்குடி வந்து சேர்ந்த சுப்பிரமணிய சிவா, 1908 பிப்ரவரிக் கூட்டங்களில் ரஷ்யப் புரட்சியைச் சுட்டி, அதனால் மக்கள் நன்மை பெற்றனர் என்று பேசினார். அவர் குறித்தது 1905ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை. அதே நாள்களில், தொழிலாளர்கள் கூடுதல் கூலி கேட்டு உறுதியாக நின்றால் ஐரோப்பியர் ஆலைகள் நிலைக்கமாட்டா என்றும் அவர் வாதிட்டார். தூத்துக்குடி கோரல் ஆலையில் பிப்ரவரி 27இல் வேலைநிறுத்தம் தொடங்கி, மார்ச் முதல் வாரத்தில் கூலி உயர்வும் வார விடுமுறையும் பெற்று முடிந்தது. உலகச் செய்தி சில நாள்களுக்குள் உள்ளூர்ச் செயலாக மாறிய இத்தகைய நிகழ்வு இந்திய வரலாற்றில் அரிது. கரிசலின் பருத்தியை நூற்ற ஆலையில் அது நிகழ்ந்தது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

அரசு அச்சமுற்றது. விபின் சந்திர பாலர் சிறையிலிருந்து விடுதலையான மார்ச் 9ஆம் நாள் திருநெல்வேலியில் தாமிரபரணிக் கரையில் கூட்டம் நடந்தது. மார்ச் 12இல் சிதம்பரம் பிள்ளை, சிவா, பத்மநாப ஐயங்கார் ஆகிய மூவரும் கைதாயினர். மறுநாள் திருநெல்வேலியில் மூண்ட எழுச்சியில் துப்பாக்கிச் சூட்டுக்கு நால்வர் பலியாயினர். வழக்குக்கு அடிப்படையானது இந்திய தண்டனைச் சட்டத்தின் 124அ பிரிவு. ஆட்சியின்மீது வெறுப்பையோ அவமதிப்பையோ தூண்டும் பேச்சைக் குற்றமாக்கிய இராஜதுரோகப் பிரிவு அது. கூட்டங்களில் அமர்ந்து போலீசார் எடுத்த குறிப்புகளே சான்றாக வைக்கப்பட்டன. 1908 ஜூலை 7இல் நீதிபதி பின்ஹே, சிவாவுக்குப் பத்தாண்டு நாடுகடத்தலும் சிதம்பரம் பிள்ளைக்கு இரண்டு ஆயுள் தண்டனைகளும் விதித்தார். மேல்முறையீட்டின் முடிவில் அவை ஆறாண்டாகக் குறைந்தன. அந்தப் பேச்சுகளின் வாசகம் இன்று நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் அந்தக் குறிப்புகள் வழியாகத்தான். குற்றமாகத் தோன்றிய வரிகளை மட்டும் பொறுக்கி எழுதிய கைகள் விட்டுவிட்ட விளக்கங்கள் எத்தனையோ இருக்கும் என்பதை வாசகர் மறக்கலாகாது. தென்னாப்பிரிக்காவில் ஒப்பந்தக் கூலிகளாய் உழன்ற தமிழர்கள் சிதம்பரம் பிள்ளைக்காகப் பணம் திரட்டிக் காந்தியிடம் கொடுத்தனர் என்பதும், அதுபற்றி 1915, 1916ஆம் ஆண்டுகளில் இருவருக்கும் கடிதப் போக்குவரத்து நடந்தது என்பதும் ஆ. இரா. வேங்கடாசலபதியின் ஆய்வுகளால் தெரியவந்துள்ளன. கடற்கரையில் பேசிய குரல் கடல் கடந்தும் கேட்டிருக்கிறது.

1912 டிசம்பரில் விடுதலையான சிதம்பரம் பிள்ளை, பறிக்கப்பட்ட வழக்கறிஞர் உரிமத்தைப் பின்னர் நீதிபதி வாலஸ் என்பவரின் உதவியால் திரும்பப் பெற்று, 1924 முதல் 1932 வரை கோவில்பட்டியில் தொழில் நடத்தினார். அந்த எட்டாண்டுகளும் கரிசல் வட்டாரம் உலகச் சந்தையின் மற்றொரு கிளையில் ஏறிய காலம் என்பது கவனத்துக்குரியது. அதுவரை இந்தியாவில் எரிந்த தீக்குச்சி பெரும்பாலும் ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்தது. முதல் உலகப் போருக்குப் பின் 1922இல் இறக்குமதித் தீர்வை உயர்த்தப்பட்டதும் உள்நாட்டில் தயாரிப்பதற்கு வழி பிறந்தது. அதே காலத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் கற்றுவந்தனர். ஸ்வீடன் நிறுவனமும் சும்மா இருக்கவில்லை. தீர்வைச் சுவருக்கு வெளியே நின்று இழப்பதைவிட உள்ளே வந்து உற்பத்தி செய்வதே மேல் என்று 1923இல் விம்கோ என்னும் கம்பெனியை இந்தியாவிலேயே நிறுவியது. ஒரு தீர்வை உயர்வு உள்ளூர்த் தொழிலை வாழ வைப்பதோடு, வெளிநாட்டு முதலீட்டையும் உள்ளே இழுத்துவிடும் என்னும் பொருளியல் பாடம் இதில் இருக்கிறது. கோவில்பட்டியிலும் சுற்றிலும் மக்கள் 'தீப்பெட்டி ஆபீஸ்' என்று சொல்லும் சிறு ஆலைகள் பெருகி, மழை பொய்த்த ஆண்டுகளில் கரிசல் குடும்பங்களுக்குச் சோறு போட்டன.

விடுதலைக்குப் பின்பு உலகப் பேச்சைக் கரிசலில் முதன்மையாகத் தாங்கியவர்கள் பொதுவுடைமை இயக்கத்தினர். கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும் பிறந்த இடைசெவல் போன்ற ஊர்களில் அவ்வியக்கத்தின் தாக்கம் ஆழமானது. கோவில்பட்டித் தொகுதி 1967 முதல் பலமுறை இந்திய கம்யூனிஸ்ட் கட்சியின் சோ. அழகர்சாமியைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. இடதுசாரி மேடைகளில் சோவியத்தும் வியட்நாமும் கியூபாவும் அடிக்கடி வந்துபோயின. மாஸ்கோவில் அச்சான தமிழ் நூல்கள் மலிவு விலையில் கைக்கெட்டின. திராவிட இயக்க மேடையும் கிரேக்கம், ரோம், அயர்லாந்து என்று உலக வரலாற்றை எடுத்தாண்டது. இவற்றின் பயனைக் குறைத்து மதிப்பிட முடியாது. எழுத்தறியாதவரும் ஹோ சி மின் பெயரை அறிந்திருந்தார் என்றால் அது மேடை செய்த கல்விப் பணி.

இலங்கையில் தமிழருக்கு எதிரான கலவரம் மூண்ட 1983க்குப் பிறகு தமிழ் மேடையின் அயலகப் பொருள் ஏறக்குறைய முழுதும் ஈழமாயிற்று. கோவில்பட்டிக்கு மேற்கே, குருவிகுளம் பகுதியிலுள்ள கலிங்கப்பட்டியில் பிறந்த வைகோ, உலக வரலாற்றையும் இலங்கைச் சிக்கலையும் மணிக்கணக்கில் பேசுபவராக அறியப்பட்டவர். 2002 ஜூன் 29இல் திருமங்கலத்தில் அவர் ஆற்றிய உரைக்காக, இந்தியாவில் 1992 முதல் தடை செய்யப்பட்டிருந்த விடுதலைப் புலிகளை ஆதரித்தார் என்று பொடா சட்டத்தின் கீழ் ஜூலையில் கைதானார். பொடா என்பது பயங்கரவாதத் தடுப்புக்காக 2002இல் இயற்றப்பட்டு 2004இல் நீக்கப்பட்ட சிறப்புச் சட்டம். 2003 டிசம்பர் 16இல் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்று கூறிய தீர்ப்பிலேயே, பயங்கரவாதச் செயலை ஊக்குவிக்கும் நோக்கமில்லாமல் ஆதரவை வாய்மொழியாக வெளிப்படுத்துவது மட்டும் அச்சட்டப்படி குற்றமாகாது என்றும் விளக்கியது. அவர் 2004 பிப்ரவரியில் வெளிவந்தார். அவருடைய அரசியலோடு உடன்படுவதும் மறுப்பதும் அவரவர் உரிமை. அயல்நாட்டு விவகாரம் குறித்துப் பொதுமேடையில் கருத்துச் சொல்ல ஒரு குடிமகனுக்கு எவ்வளவு தூரம் இடமுண்டு என்ற கேள்வி, 1908க்கும் 2002க்கும் இடையே ஆட்சி மாறிய பின்னும், இதே தென்பகுதியில் மீண்டும் எழுந்தது என்பதே இங்கே பொருட்படுத்தத்தக்கது.

இருப்பினும், ஒரு குறையை மறைக்காமல் சொல்ல வேண்டும். 1908க்குப் பிந்திய மேடைகள் உலகத்தைப் பெரும்பாலும் உணர்ச்சியாகக் கொடுத்தன, ஏற்பாடாகக் கொடுக்கவில்லை. யாரை நேசிப்பது, யாருக்காக வருந்துவது, யாரை வெறுப்பது என்று கேட்போர் கற்றுக்கொண்டனர்; ஒப்பந்தம் எப்படி எழுதப்படுகிறது, தீர்வை யார் நிர்ணயிக்கிறார், ஓர் அறிவிக்கை எந்த அலுவலகத்திலிருந்து வருகிறது என்று கற்றவர் குறைவு. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், இலங்கையின் மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்றும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை தருவதென்றும், எஞ்சிய 1,50,000 பேரின் விதியைப் பின்னர் முடிவு செய்வதென்றும் எண்ணிக்கையால் மனிதரைப் பங்கிட்டது. தமிழ் மேடைகளில் இன்றளவும் வரிவரியாக விளக்கப்பட்டிருக்க வேண்டிய அந்த ஆவணம், பெரும்பாலும் ஒரு பெயராகவும் ஒரு பெருமூச்சாகவும் கடந்துபோகிறது.

இன்றைய கரிசலுக்கு அந்த விளக்கம் எவ்வளவு அவசியம் என்பதற்கு உளுந்தே சான்று. புரட்டாசி, ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைக்கும் உளுந்தும் பாசியும் தை, மாசியில் களத்துக்கு வருகின்றன. ஏறக்குறைய அதே சமயத்தில் மியான்மரிலும் உளுந்து அறுவடையாகி இந்தியாவை நோக்கிப் புறப்படுகிறது. அந்நாட்டு உளுந்துக்கு முதன்மையான சந்தை இந்தியாதான். 2021 பிப்ரவரி 1இல் மியான்மரில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. மேலை நாடுகள் தடைகளை விதித்தன. இந்தியா அவ்வாறு செய்யவில்லை. அந்த ஆண்டு ஜூன் மாதத்திலேயே, ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் 2.5 லட்சம் டன் உளுந்தும் 1 லட்சம் டன் துவரையும் தனியார் வணிகம் வழியாக அங்கிருந்து வாங்குவதற்குப் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டது. காரணங்கள் பல. மியான்மரோடு இந்தியாவுக்கு 1,643 கிலோமீட்டர் எல்லை இருக்கிறது. வடகிழக்கு மாநிலங்களின் பாதுகாப்பு அதைச் சார்ந்திருக்கிறது. அங்கே சீனாவின் கை ஓங்குவதைத் தில்லி விரும்பவில்லை. நகரங்களில் பருப்பு விலை ஏறினால் ஆட்சிக்குக் கெட்ட பெயர். இத்தனை கணக்குகளின் கூட்டுத்தொகை கோவில்பட்டிக் கமிஷன் கடையில் குவிண்டாலுக்கான விலையாக உழவரின் கையில் வந்து சேர்கிறது. மாவு ஆட்டுபவர்க்கு நன்மையாகவும் விளைவிப்பவர்க்குச் சுமையாகவும் முடியும் முடிவைச் சரி என்றோ தவறு என்றோ ஒற்றைச் சொல்லில் தீர்ப்பளிக்க முடியாது; யாருடைய நன்மை எவ்வளவு எடை போடப்பட்டது என்று கேட்க முடியும்.

பருத்தியின் கதை இன்னும் அண்மையது. 2021 நிதிநிலை அறிக்கைக்குப் பின் இறக்குமதிப் பஞ்சுக்கு மொத்தம் 11 சதவீதத் தீர்வை இருந்தது. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்கள் பலவற்றின்மீது அமெரிக்கா 50 சதவீதத் தீர்வை விதிக்க, ஆடை ஏற்றுமதித் தொழில் தடுமாறியது. அதற்குச் சில நாள்கள் முன்பே ஆகஸ்ட் 19 முதல் பஞ்சின்மீதான தீர்வையை இந்திய அரசு நீக்கி, பின்னர் அச்சலுகையை ஆண்டிறுதிவரை நீட்டித்தது. திருப்பூருக்கும் நூற்பாலைகளுக்கும் மூச்சுவிட இடம் கிடைத்தது. பருத்தி உழவர் சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. வாஷிங்டனில் போட்ட வரிக்கு விளாத்திகுளம் மானாவாரிக் காடு பங்கு கொடுக்க நேர்வதன் கணக்கு இது.

தீப்பெட்டித் தொழிலோ தன் கோரிக்கையைத் தலைநகர்வரை கொண்டுசென்று பயன் கண்டது. சீனாவிலிருந்து மலிவாக வந்து குவிந்த, ஒருமுறை பயன்படுத்தி எறியும் லைட்டர்கள் பல பெட்டித் தீக்குச்சிகளின் இடத்தைப் பிடித்தன. உற்பத்தியாளர் முறையிட, தமிழக முதலமைச்சர் 2022 செப்டம்பரில் ஒன்றிய அரசுக்குக் கடிதம் எழுத, 2023 ஜூன் இறுதியில் வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்ககம், சரக்கு விலையும் காப்பீடும் கப்பல் கட்டணமும் சேர்த்து 20 ரூபாய்க்குக் குறைந்த மதிப்புடைய லைட்டர்களின் இறக்குமதியைத் தடை செய்தது. எந்த அலுவலகம், எந்த விதி, எந்த அளவுகோல் என்று அறிந்து கேட்டவர்களுக்குக் காது கொடுக்கப்பட்டது. அத்தொழில் தன் சரக்கைத் தூத்துக்குடி வழியாக ஏற்றுமதியும் செய்வதால், 2023 இறுதியில் செங்கடலில் சரக்குக் கப்பல்கள் தாக்கப்பட்டு, அவை ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்லத் தொடங்கியபோது உயர்ந்த கப்பல் கட்டணமும் அதற்குப் புறம்பானது அன்று.

இத்தகைய செய்திகளைப் பேசுவதற்கு மேடைகள் இல்லாமலில்லை. கல்லூரிக் கருத்தரங்குகள், புத்தகத் திருவிழாக்கள், எட்டயபுரத்தில் 1947இல் திறக்கப்பட்ட பாரதி மணிமண்டப நிகழ்ச்சிகள், வணிகர் சங்கக் கூட்டங்கள், கட்சிகளின் தெருமுனைக் கூட்டங்கள் யாவும் இருக்கின்றன. அவற்றில் உலகம் வரும்போது பொதுவாகப் போர்ச் செய்தியாகவோ தலைவர்களின் சந்திப்பாகவோ வருகிறது. ஓய்வு பெற்ற தூதர் ஒருவரோடு பருப்பு வணிகரும், சுங்க அலுவலக நடைமுறை தெரிந்த ஏற்றுமதி முகவரும், மானாவாரி உழவரும் ஒரே மேடையில் தமிழில் பேசும் கூட்டம் கோவில்பட்டியில் நடத்தத்தக்கது. கேள்வி நேரம் பேச்சு நேரத்தைவிட நீளமாக இருப்பது அதற்கு நல்லது. மியான்மர் உளுந்து ஒப்பந்தத்தின் ஐந்தாண்டுக் காலம் 2025-26 நிதியாண்டு வரைக்குமானது. அதன் பிறகு எவ்வளவு, எந்த மாதங்களில், எந்தத் தீர்வையில் வரவிடுவது, தை அறுவடை சந்தைக்கு வரும் வாரங்களிலாவது இறக்குமதியைத் தள்ளிவைக்க இயலுமா என்பவை விதை வாங்கும் ஆவணி மாதத்துக்குள் கரிசலில் கேட்கப்பட வேண்டிய கேள்விகள்.